‘மன்னிப்புக் கடிதம் வாங்கி முடிச்சுக்கலாம்’ என்கிறார் துறைத்தலைவர். என் மாணவிக்கு நான் என்ன செய்வது?

கேள்வி: தனியார் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாண்டு வகுப்புக்கு டியூட்டர். என் வகுப்பு மாணவி ஒருத்தி நேற்று மாலை என்னிடம் வந்து அழுதாள். முந்தின நாள் லேப் முடிந்ததும் ஸ்டோர் ரூமில் வைத்து எங்கள் துறையின் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தவறாக நடந்துகொண்டாராம். முழுதாகச் சொல்லவில்லை, நானும் துருவிக் கேட்கவில்லை. அவளுடைய ரெக்கார்டுக்கு மார்க் போடுபவரே அவர்தான். ‘வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவாங்க மேடம், யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்கிறாள். பெயரைச் சொல்லாமல் ஹெச்.ஓ.டி-யிடம் பேசிப் பார்த்தேன். ‘மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி முடிச்சுக்கலாம், காலேஜ் பேரு என்னாகும்?’ என்றார். பாலியல் புகார்களை விசாரிக்கும் விசாகா கமிட்டி என்று நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் தொங்குகிறது, அது கூடியதாக எனக்கு நினைவில்லை. நான் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டுமா? சொல்லாவிட்டால் எனக்குச் சிக்கல் வருமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மருத்துவம் பற்றிய பகுதியை மட்டும் உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டோம். அது பிரசுரமாகும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. இதே இக்கட்டில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் உதவட்டும் என்று அதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அட்மிஷன் ரெஜிஸ்டரில் மாணவியின் பிறந்த தேதியைப் பாருங்கள். முதலாண்டு வகுப்பில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். கல்லூரிக்கு வந்துவிட்டாலே மேஜர் என்று நினைத்து ஆசிரியர்கள் கோட்டை விடும் இடம் இது. சம்பவம் நடந்த நாளில் 18 நிறையவில்லை என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். அதன் 19ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்த யாரும் போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். மாணவி வேண்டாம் என்றாலும் இந்தக் கடமை போகாது. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. அப்படியானால் 1098 குழந்தைகள் உதவி எண்ணிலிருந்து தொடங்கலாம். ஆனால் மாணவிக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ‘சட்டப்படி நான் சொல்லித்தான் ஆகணும், நீ கூட இருக்கும்போதே போன் பண்றேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

18 நிறைந்திருந்தால், புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது மட்டுமே. போலீசுக்குப் போகும் சட்டக் கடமை உங்கள் தலையில் இல்லை. உங்களிடம் இருப்பது வேறு வேலை. அவர் யோசித்து முடிப்பதற்குள் எந்தக் காலக்கெடுவும் கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவத்துக்கு ஒரு கெடு, தடயத்துக்கு ஒன்று, கல்லூரிப் புகாருக்கு ஒன்று, போலீஸ் புகாருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. பெரும்பாலான மாணவிகளுக்குக் கடைசியில் சொல்லப்படுவது ‘முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?’ என்பதுதான்.

மருத்துவம் முதலில். என்ன நடந்தது என்று அவர் உங்களிடம் விவரிக்க வேண்டியதில்லை. ‘கர்ப்பமோ தொற்றோ வர வாய்ப்பிருக்கிற மாதிரி ஏதாவது நடந்ததா? ஆமாம் இல்லைன்னு மட்டும் சொல்லு’ என்ற ஒரு கேள்வி போதும். ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள் நன்றாக வேலை செய்யும். ஐந்து நாள் வரை கொடுப்பதுண்டு, ஆனால் நாள் போகப் போகப் பலன் குறையும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எத்தனை சீக்கிரம் தொடங்க முடியுமோ அத்தனை சீக்கிரம் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் தொடங்குவதில்லை. தொடங்கியதை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டல் தாங்காமல் பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு, அதற்கும் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை-பி தடுப்பூசி, காயம் இருந்தால் டெட்டனஸ் (டி.டி.) ஊசி, முதல் இரத்தப் பரிசோதனை, பிறகு ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் மறு பரிசோதனை. உடலிலிருந்து தடயம் எடுக்க சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் 96 மணி நேரத்தை எல்லையாக வைக்கின்றன. குளித்துவிட்டார் என்பதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம். காயங்களைப் பதிவு செய்யவாவது அந்தப் பரிசோதனை உதவும்.

அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, பாலியல் வல்லுறவுக்கு ஆளானவருக்கு முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தந்தே ஆக வேண்டும். மறுத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். ‘எஃப்.ஐ.ஆர். இருந்தாத்தான் பார்ப்போம்’ என்று சொல்ல எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. கூடவே இன்னொன்றையும் மாணவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைத்துக் கூட்டிப்போனால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை அங்கேயே போய்விடும். இப்படி ஒருவர் வந்தால் போலீசுக்குத் தகவல் சொல்லும் கடமை ஆஸ்பத்திரிக்கு உண்டு. போலீஸ் வந்தாலும் ‘இப்போது புகார் கொடுக்க விருப்பமில்லை’ என்று அவர் சொல்லலாம். அதை எழுதிக்கொள்வார்கள், சிகிச்சை அதனால் நிற்காது. உடல் பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். சிகிச்சைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு தடய சேகரிப்பை மறுக்கவும் செய்யலாம். பெண்ணுக்குப் பாலியல் பழக்கம் உண்டா என்று பார்ப்பதாகச் சொல்லிச் செய்யப்பட்டுவந்த இரு விரல் சோதனை 2013லேயே உச்ச நீதிமன்றத்தால் கண்டிக்கப்பட்டது. 2022இல் அதைச் செய்பவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்றே நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாராவது முயன்றால் அங்கேயே மறுக்கலாம்.

அன்று போட்டிருந்த துணிகளைத் துவைக்க வேண்டாம். ஈரமாக இருந்தால் நிழலில் உலர விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெட்டுவிடும். போனில் அந்த நபரிடமிருந்து வந்த மெசேஜ், மிஸ்டு கால் எதையும் அழிக்க வேண்டாம். அருவருப்பில் முதலில் பிளாக் செய்து மொத்த சாட்டையும் டெலிட் செய்துவிடுவார்கள், பிறகு அதுதான் கேட்கப்படும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு போனையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து அவசரமானது கேமரா பதிவு. கல்லூரி டி.வி.ஆர். பெட்டிகள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். ஹார்டு டிஸ்க் அளவைப் பொறுத்து இரண்டு வாரத்திலோ ஒரு மாதத்திலோ அந்த நாள் காணாமல் போய்விடும். ‘உன் பேர் வராமல் கேமரா பதிவை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?’ என்று அவரிடம் கேட்டு, சம்மதித்தால் கமிட்டித் தலைவருக்கு மெயில் அனுப்புங்கள். குறிப்பிட்ட அரை மணி நேரத்தையும் அந்த ஸ்டோர் ரூமையும் மட்டும் கேட்காதீர்கள், கேள்வியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தளம் முழுவதற்கும் படிக்கட்டுக்கும் அன்று காலை முதல் இரவு வரையிலான பதிவைக் கேளுங்கள். லேப் அட்டெண்டன்ஸ், சாவிப் பதிவேடு, கேட் ரெஜிஸ்டர் இவற்றின் அந்தப் பக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெச்.ஓ.டி-யிடம் நீங்கள் பெயர் சொல்லவில்லைதான். ஆனால் முதலாண்டு, லேப், ஆராய்ச்சி மாணவர் என்ற மூன்று குறிப்பு சிறிய துறையில் ஆளைக் கண்டுபிடிக்கப் போதும். அந்த ஆராய்ச்சி மாணவர் காதுக்கு இன்னேரம் போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள்.

இனி அந்தக் கமிட்டி. பேச்சு வழக்கில் விசாகா கமிட்டி என்றாலும், 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பின் காலம் தாண்டி, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும்தான் இப்போது அதை ஆள்கின்றன. அந்த ஒழுங்குமுறைகள் 2016 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டன, தனியார் கல்லூரிகளுக்கும் பொருந்தும். நோட்டீஸ் போர்டுப் பட்டியலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள். தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும், கல்லூரியில் குறைந்தது இணைப் பேராசிரியர் நிலை. இரண்டு ஆசிரியர், இரண்டு அலுவலகப் பணியாளர், தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த வெளி உறுப்பினர் ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி நிலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் சேர வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. உங்கள் ஹெச்.ஓ.டி. பெயர் பட்டியலில் இருந்தால் அந்தக் கமிட்டியின் அமைப்பே தவறு. வெளி உறுப்பினர் பதவி காலியாகக் கிடப்பது அடுத்த பெரிய ஓட்டை. இந்த ஓட்டைகளை வைத்துத்தான் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு பின்னால் உயர் நீதிமன்றம் போகும். எனவே, குறையை முதலிலேயே எழுத்தில் சுட்டிக்காட்டிச் சரிசெய்ய வைப்பது மாணவிக்குத்தான் பாதுகாப்பு.

கமிட்டியில் புகார் கொடுக்க மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் அதை எழுதி வைத்துக் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டலாம், அதற்கு மேல் இல்லை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொல்கத்தாவில் ஒரு சட்டப் பல்கலைக்கழக ஆசிரியை 2023 ஏப்ரலில் நடந்த கடைசிச் சம்பவத்துக்கு அந்த டிசம்பரில் புகார் கொடுத்தார். கெடு தாண்டிவிட்டது என்பதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. எனவே ‘ஆறு மாசம் இருக்கு’ என்று கணக்குப் போடாமல், காலண்டரில் மூன்றாவது மாதத்தின் முதல் நாளைக் குறித்து வையுங்கள். பாலியல் வல்லுறவு போன்ற கடுங்குற்றத்துக்குப் போலீசில் புகார் கொடுக்க இப்படி ஒரு கெடு கிடையாது.

புகார் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. துறையில் ஒரு கடிதம், வார்டனிடம் ஒரு கடிதம், பிரின்சிபால் அறையில் இன்னொன்று என்று எழுதி வாங்குவார்கள். பதற்றத்தில் எழுதிய மூன்றிலும் நேரமோ வரிசையோ கொஞ்சம் மாறும், குறுக்கு விசாரணையில் அந்த மாற்றம்தான் பிடித்து ஆட்டப்படும். ஒரே புகார், கமிட்டிக்கு மட்டும். நாள், இடம், நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் வந்த மெசேஜ், உடனே யாரிடம் சொன்னார் என்பது வரை அவருடைய வார்த்தையிலேயே இருக்கட்டும். நினைவில்லாததை ‘நினைவில்லை’ என்று எழுதுவதில் தவறே இல்லை. இந்தப் புகாரின் பிரதி ஏழு நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதையும் சொல்லி வையுங்கள். போன் நம்பரையும் விடுதி அறை எண்ணையும் தனித்தாளில் எழுதிக் கமிட்டித் தலைவரிடம் கொடுப்பது நல்லது. எதிர்த்தரப்பு பதில் தரப் பத்து நாள், விசாரணை முடிக்க 90 நாள், அறிக்கை தரப் பத்து நாள், நிர்வாகம் நடவடிக்கை எடுக்க 30 நாள், மேல்முறையீட்டுக்கு 30 நாள். இரு தரப்புக்கும் வக்கீல் வைக்க அனுமதி இல்லை. நேருக்கு நேர் உட்கார வைக்காமல், கேள்விகளை எழுதிக் கமிட்டி மூலமே கேட்கச் சொல்லலாம்.

90 நாள் என்பது உச்சவரம்பு. அதற்காக ஒரே வாரத்தில் அவசரமாக முடித்தாலும் ஆபத்துதான். கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் ஒரு துறைத்தலைவர் மேல் மாணவிகள் கொடுத்த புகாரில் கமிட்டி அவசர அவசரமாக விசாரணையை முடித்தது. தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்பு தரவில்லை என்று அந்தத் துறைத்தலைவர் போட்ட வழக்கில், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணிநீக்க உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 14 ஆண்டு கழித்து அந்தப் பெண்களுக்கு மறுபடி முதல் படி.

விசாரணை முடியும் வரை மாணவி தினமும் அதே லேபுக்கா போவது? இங்கேதான் இடைக்கால நிவாரணம் வருகிறது. கல்லூரிகள் அதிகம் சொதப்பும் இடமும் இதுதான். வழக்கமாக நடப்பது என்ன? ‘கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாம்மா’ என்று பெண்ணை அனுப்பிவிடுவார்கள், அல்லது அவளுடைய செக்‌ஷனை மாற்றுவார்கள். விதி இரண்டு பக்கமும் பேசுகிறது, புகாருக்கு ஆளானவரையும் இடம் மாற்றலாம். புகாரோடு சேர்த்தே இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: அந்த ஆராய்ச்சி மாணவரை முதலாண்டு லேபிலிருந்து விலக்க வேண்டும், இந்த மாணவியின் ரெக்கார்டு, இன்டர்னல், பிராக்டிகல் எதையும் அவர் திருத்தக் கூடாது, மாணவியை நேரிலோ போனிலோ நண்பர்கள் மூலமோ அணுகக் கூடாது என்று எழுத்தில் எச்சரிக்க வேண்டும், மிரட்டல் இருந்தால் வளாகத்துக்குள் வர விடக் கூடாது. ஏற்கெனவே அவர் போட்ட மார்க்கையும் வேறு ஒருவர் மறுபடி பார்க்கட்டும்.

மாணவிக்கே விடுப்பு தேவைப்பட்டால் மூன்று மாதம் வரை, படிப்பு நிலை பாதிக்காதபடி, கமிட்டி பரிந்துரைக்கலாம். அதை வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். செமஸ்டர் கடைசியில் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லை என்று சாஃப்ட்வேர் ஹால் டிக்கெட்டை நிறுத்திவிடும். அப்போது தேர்வு அலுவலகக் கிளார்க்கிடம் போய் நின்று காரணம் சொல்ல வேண்டிய கொடுமை அந்தப் பெண்ணுக்குத்தான். ‘கமிட்டி ஆணைப்படி விடுப்பு’ என்று காரணம் எழுதினால் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். பதிவேட்டில் மருத்துவ விடுப்பு என்று இருக்கட்டும், உண்மையான ஆணை சீல் வைத்த கவரில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மட்டும் போகட்டும். அசைன்மென்ட், மறு டெஸ்ட் தேதிகளையும் அதே ஆணையில் எழுதி வாங்குங்கள்.

மன்னிப்புக் கடிதப் பேச்சு. பெண் தானாகக் கேட்டால் மட்டுமே கமிட்டி சமரசம் பேசலாம், அதிலும் பணம் கைமாறக் கூடாது. துறைத்தலைவருக்கு இதில் வேலையே இல்லை. உடல்ரீதியான தாக்குதலில் சமரசம் கூடாது என்பது என் கருத்து. அந்த மன்னிப்புக் கடிதம் ஹெச்.ஓ.டி. மேஜையில் பூட்டியிருக்கும், ஆள் அடுத்த வருடமும் அதே லேபில் இருப்பார்.

வீட்டாருக்குச் சொல்வது பற்றி: 18 நிறைந்தவர் என்றால் அவர் சம்மதம் இல்லாமல் கல்லூரி பெற்றோருக்குச் சொல்லக் கூடாது. கமிட்டியின் நோட்டீஸ் வீட்டு முகவரிக்குத் தபாலில் போய்விடாமல் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், இந்த ஒரு கவனக்குறைவால் விஷயம் வெடிப்பது உண்டு. ஆனாலும் அவர் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. அம்மா அப்பா வேண்டாம் என்றால் அக்கா, அத்தை, சித்தி என்று யாரிடம் சொல்லலாம் என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள்.

போலீசுக்குப் போக அவரே முடிவெடுத்தால், கல்லூரி உதவியே ஆக வேண்டும். கமிட்டி விசாரணை நடக்கிறது என்று போலீஸ் காத்திருக்க வேண்டியதில்லை, போலீஸ் வழக்கு இருக்கிறது என்று கமிட்டியும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். பெண் அதிகாரிதான் பதிய வேண்டும், பாலியல் வல்லுறவு வழக்கில் வாக்குமூலத்தை மாணவி சொல்லும் இடத்துக்கே வந்து எடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம். பதிய மறுக்கும் அதிகாரிக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் கேட்கலாம், இழப்பீட்டு மனுவும் அங்கேதான். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 181 மகளிர் உதவி எண். கூட வர ஆள், தங்க இடம், மனநல ஆலோசனை எல்லாம் ஒரே கூரையில் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் கிடைக்கும்.

அடையாளம் வெளியே போவதுதான் பெண்களின் முதல் பயம், அது வீண் பயம் இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் நடந்த சம்பவத்தில் மாணவியின் விவரத்தோடு எஃப்.ஐ.ஆரே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. அந்த வழக்கில் 2025 ஜூனில் ஆயுள் தண்டனையும் வந்துவிட்டது. உங்கள் அளவில் செய்ய வேண்டியது, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது பெயரையோ ஊகத்தையோ போட்டால் உடனே நீக்கச் சொல்வதுதான். பாலியல் வல்லுறவுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்று ஒரு வரி சொன்னாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

மறுபடி அவரைப் பார்க்கும்போது ‘ஏன் கத்தல?’, ‘ஏன் தனியா போன?’ இந்த இரண்டும் வேண்டாம். அந்த நொடியில் உடல் உறைந்து குரல் எழாமல் போவது பயத்தின் இயல்பான விளைவு. அதைச் சொன்னாலே பாதிக் குற்றவுணர்வு இறங்கும். தூக்கம், சாப்பாடு, வகுப்புக்கு வருவது இவற்றைக் கவனியுங்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் ‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இதனால் வேலைக்குச் சிக்கல் வருமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். தனியார் கல்லூரியில் அந்தப் பயம் நியாயமானது. புகார் கொடுத்தவரையும் சாட்சியையும் பழிவாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் அது தானாக வந்து காப்பாற்றாது. உங்களிடம் சொல்லப்பட்ட நாளும் நேரமும், நீங்கள் யாருக்கு எப்போது என்ன எழுதினீர்கள் என்பதும் உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும். கல்லூரி மெயில் கணக்கு எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். கமிட்டி கூடவே மறுத்தால் யு.ஜி.சி.க்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் எழுதலாம், விதியை மீறும் கல்லூரியின் மானியத்தையே யு.ஜி.சி. நிறுத்த முடியும். ஹெச்.ஓ.டி. மறுபடி கூப்பிட்டு ‘யாரு அந்தப் பொண்ணு?’ என்று கேட்டால் பதில் இவ்வளவுதான்: ‘சார், இது கமிட்டி விஷயம், பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உங்களுக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கமிட்டித் தலைவருக்கு எழுத்தில் கேளுங்கள்.’ அன்றைக்கே அந்த உரையாடலையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.